செலே பள்ளத்தாக்கில் நான்கு நாள்: தென்மேற்குப் பிரான்ஸில் நடந்து போக ஒரு முழுமையான வழிகாட்டி

செலே ஆற்றங்கரையில் நடக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "தண்ணீர் எத்தனை லிட்டர் எடுத்துப் போகிறீர்கள்?" என்றுதான். ஆற்றோரம் போகிறவரிடம் இது என்ன கேள்வி என்று சிரிப்பார்கள். இரண்டாம் நாள் மதியம் சிரிக்க மாட்டார்கள்.

காரணம் அங்குள்ள பாறை. தென்மேற்குப் பிரான்ஸின் லோட் மாவட்டத்தில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் பீடபூமி. அதை அந்த ஊரில் 'கோஸ்' என்பார்கள். பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடிக்குப் போய்விடும், மேலே ஓடை கிடையாது. செலே ஆறு இந்தப் பீடபூமியை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பல இடங்களில் செங்குத்துப் பாறை நேராக ஆற்றில் வந்து இறங்குகிறது. கீழே கிடைக்கிற கொஞ்சம் சமதரையை வயலும் தார்ச்சாலையும் எடுத்துக்கொள்ள, நடைபாதை வேறு வழியில்லாமல் மேலே ஏறிவிடுகிறது. ஓர் ஊரிலிருந்து கிளம்பி நூற்றைம்பது, இருநூறு மீட்டர் ஏறி, வறண்ட ஓக் காட்டுக்குள் சில மணி நேரம் நடந்து, அடுத்த ஊருக்கு மறுபடி ஆற்றுக்கு இறங்குவீர்கள். நான்கு நாளும் இதே கதைதான். ஆறு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், கைக்கு எட்டாது.

இதைப் புரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது. கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். தண்ணீர், படுக்கை, ரொட்டி ஆகிய மூன்றும் எங்கே கிடைக்கும் என்று பார்த்துப் போடுங்கள்.

எந்தப் பாதை?

பாதையின் பெயர் ஜி.ஆர். 651. பிரான்ஸில் 'ஜி.ஆர்.' என்றால் நெடுந்தூர நடைபாதை. லு புயி நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நோக்கிப் போகும் பழைய யாத்திரைப் பாதையின் எண் 65. அதிலிருந்து ஃபிஜாக் நகருக்கு அப்பால் பிரிந்து, செலேயைத் தொடர்ந்து புசியேஸ் ஊர்வரை போகும் கிளை இது. அங்கே செலே, லோட் ஆற்றில் கலக்கிறது. யாத்திரிகர்களில் பெரும்பாலானவர்கள் பீடபூமி வழியான பிரதான பாதையிலேயே போய்விடுவார்கள். அது குட்டை, ஏற்ற இறக்கமும் குறைவு. கிளைப்பாதை ஒன்றிரண்டு நாள் கூடுதலாகக் கேட்கும். கேட்கட்டும்.

நான் சொல்லப்போவது ஃபிஜாக்கில் தொடங்கி சேன்-சீர்-லபோபி கிராமத்தில் முடியும் நான்கு நாள் நடை. மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். மலையேற்ற அனுபவம் தேவையில்லை. ஆனால் தினமும் ஐந்தாறு மணி நேரம் பையோடு நடக்கிற பழக்கம் வேண்டும். கால் பழக, போவதற்கு இரண்டு மாதம் முன்பே, போட்டுக்கொண்டு போகப்போகும் அதே காலணியோடு நடந்து பாருங்கள். புதுக் காலணியோடு வந்து முதல் நாளே கொப்புளம் வாங்கியவர்களை இந்தப் பாதையில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: மாலையில் செருப்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவார்கள்.

எப்போது?

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் நடுவரை, இல்லையென்றால் செப்டம்பர் முதல் அக்டோபர் நடுவரை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது உண்டு. "நமக்கு வெயிலா புதிது?" என்று நினைக்கலாம். நம்மூர் வெயிலில் நாம் பத்து கிலோ பையோடு பாறை ஏறுவதில்லையே. குளிர்காலத்தில் பாதை அப்படியேதான் இருக்கும், தங்குமிடங்கள்தான் பெரும்பாலும் மூடிக் கிடக்கும்.

இலையுதிர்காலத்தில் இன்னொரு விஷயம் உண்டு. செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை வேட்டைக் காலம். காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கியோடு ஆட்கள் காட்டுக்குள் இருப்பார்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டையோ பை உறையோ போட்டுக்கொள்ளுங்கள். வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால், அங்கே நிற்பவரிடம் ஒரு 'போன்ஜூர்' சொல்லி, எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போங்கள்.

மே மாதத்தில் போவதாக இருந்தால் விடுமுறை நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே 1, மே 8, அதோடு வியாழக்கிழமையில் வரும் இயேசு விண்ணேற்றத் திருநாள். அந்த நீண்ட வார இறுதிகளில் பிரெஞ்சுக்காரர்கள் பாதி பேர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், படுக்கை கிடைக்காது.

படுக்கையை முதலில் பிடியுங்கள்

இந்தப் பள்ளத்தாக்கு ஊர்கள் சின்னஞ்சிறியவை. நடைப்பயணிகளுக்கான விடுதியை 'ஜீத்' என்பார்கள். ஒரு கூடத்தில் நான்கு முதல் பத்துக் கட்டில் வரை இருக்கும், குளியலறை பொது, இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஒரே நீள மேசையில் எல்லோருக்குமாக. ஓர் ஊரில் மொத்தமே ஒன்றிரண்டு ஜீத்தான். அது நிறைந்துவிட்டால் அடுத்த ஊர் இரண்டு மணி நேர நடையில். அதனால் விமானச் சீட்டுக்கு முன்பு படுக்கை. இணையத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள், இரண்டு வாக்கியப் பிரெஞ்சு போதும்.

'தெமி-பான்சியோன்' என்று கேட்டால் படுக்கை, இரவுச் சாப்பாடு, காலைச் சிற்றுண்டி மூன்றும் சேர்த்து. தலைக்கு ஐம்பது யூரோவை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஜீத்திலும் சமையல் கிடையாது. சில இடங்களில் அடுப்பும் பாத்திரமும் மட்டும் இருக்கும், சமைத்துக்கொள்வது உங்கள் பாடு. இதை முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். ரொக்கமும் கையில் வைத்திருங்கள், அட்டை வாங்காத இடங்கள் இன்னும் உண்டு.

சைவர்கள் கவனிக்க: இது வாத்து நாடு. இரவு மேசைக்கு வாத்துத் தொடை வரும், சாலட் என்று நம்பிக் கேட்டால் அதில் வாத்து ஈரல் கட்டியோ இரைப்பைத் துண்டோ இருக்கும். "நான் வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீன் கொடுத்துவிடுவார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன்", அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பிரித்து, இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அன்போடு செய்து தருவார்கள். வட்டமாக, உள்ளங்கையில் பாதி அளவுக்கு வரும் ரொக்கமதூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி இந்த வட்டாரத்துச் சரக்கு. ரொட்டியில் வைத்துச் சூடாக்கி, வால்நட்டும் தேனும் சேர்த்துக் கொடுத்தால் வாத்தை மறந்துவிடலாம்.

ஜீத்தில் நுழையும்போது காலணியை வாசலில் கழற்ற வேண்டும், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதுகுப்பையையும் கூடத்துக்குள் கொண்டுவர விடமாட்டார்கள் சிலர். மூட்டைப்பூச்சி பயம். தேவையானதை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

பையில் என்ன?

பையின் மொத்த எடை உங்கள் உடல் எடையில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மெல்லிய தூக்கப்பை, இரண்டு செட் துணி, மழை உறை, தொப்பி, ஊன்றுகோல் இரண்டு. கோல் வேண்டாம் என்று நினைப்பவர்கள் மூன்றாம் நாள் இறக்கத்தில் உருளும் சுண்ணாம்புச் சில்லுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் அந்தக் கல் சோப்புக் கட்டி போல வழுக்கும்.

தண்ணீருக்கு இரண்டு லிட்டர், வெயில் காலத்தில் மூன்று. ஊர்க் குழாய்களில் 'ஓ பொத்தாப்ல்' என்றிருந்தால் குடிக்கலாம், 'நோன் பொத்தாப்ல்' என்றிருந்தால் கூடாது. குழாய் எதுவும் கண்ணில் படவில்லையா, கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்ற அங்கே ஒரு குழாய் அநேகமாக இருக்கும். பிரான்ஸில் நடப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. முதல்முறை கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்று நீரை அப்படியே குடிக்க வேண்டாம், மேலே மாடு மேய்கிறது.

சின்னதாக உண்ணி எடுக்கும் கொக்கி ஒன்றை மருந்துக்கடையில் வாங்கிப் பையில் போடுங்கள், மறக்காதீர்கள். புல்லிலும் புதரிலும் உண்ணி உண்டு, அது லைம் நோயைப் பரப்பும். தினமும் குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கொக்கியால் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். எண்ணெயும் தீயும் வைக்கக் கூடாது. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் படர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீட்டில் நடைப்பயணமும் மீட்புச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அவசர எண் 112. பள்ளத்தாக்கின் அடியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, மேலே ஏறினால் கிடைக்கும்.

குறியைப் படிப்பது

ஜி.ஆர். பாதையின் குறி இரண்டு கிடைக்கோடு: மேலே வெள்ளை, கீழே சிவப்பு. நம் கோயில் மதிலின் பட்டைகளைப் படுக்க வைத்து, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியது போல இருக்கும். மரத்தில், பாறையில், மின்கம்பத்தில், சில சமயம் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைச் சுவரில். கோட்டுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் திரும்ப வேண்டும். வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறியாகக் குறுக்கே போட்டிருந்தால் அந்த வழி தப்பு. தனி மஞ்சள் கோடு உள்ளூர் வட்டப்பாதை, உங்களுக்கானதல்ல. இந்தக் குறிகளைப் பூசிப் பராமரிப்பவர்கள் நடைப்பயணச் சங்கத்தின் தன்னார்வலர்கள். 1947-ல் தொடங்கிய வேலை, இன்றுவரை வாளியும் தூரிகையுமாகத்தான் நடக்கிறது.

பத்து நிமிடம் நடந்தும் குறி ஒன்றும் தென்படவில்லையென்றால் நில்லுங்கள், கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்ற எண்ணம்தான் மனிதரைத் தொலைக்கிறது. பிரெஞ்சு நில வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.-இன் 1:25,000 அளவு வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். அதில் நீலத்தில் உள்ள ஊற்று, கிணறு குறிகளை மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கோடையில் பாதி வறண்டிருக்கும்.

நாள் 1: ஃபிஜாக் முதல் எஸ்பான்யாக் வரை, சுமார் 24 கிலோமீட்டர்

துலூஸிலிருந்து ஃபிஜாக்குக்கு வட்டார ரயில் உண்டு, இரண்டரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரொதேஸ் போகும் இரவு ரயிலும் விடிகாலையில் ஃபிஜாக்கில் நிற்கும். முடிந்தால் முந்தைய நாளே வந்து ஊரைப் பாருங்கள். எகிப்தியச் சித்திர எழுத்தை 1822-ல் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் 1790-ல் பிறந்த ஊர் இது. அவர் வீட்டை ஒட்டிய முற்றத்தில், அந்த எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டாக் கல்லின் பிரம்மாண்டமான நகல் ஒன்றைக் கறுப்புக் கல்லில் தரையாகவே பதித்திருக்கிறார்கள். ஜோசப் கோசுத் என்ற அமெரிக்கக் கலைஞரின் வேலை. அதன் மேலேயே நடக்கலாம். மழை நாளில் எழுத்துப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்பது நன்றாக இருக்கும். சனிக்கிழமையானால் சந்தையும் உண்டு. இரண்டு நாளுக்கான பாலாடைக்கட்டி, பழம், ரொட்டி எல்லாம் இங்கேயே வாங்கிவிடுங்கள். வழியில் உள்ள சிற்றூர்களில் கடை இல்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது. இருக்கிற கடையும் மதியம் பன்னிரண்டிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் மூடும், திங்கட்கிழமை திறக்காமலேயே போகலாம்.

ஊரைவிட்டு ஏறி ஃபேசெல் கிராமம்வரை பிரதான யாத்திரைப் பாதையிலேயே நடக்கிறீர்கள். அங்கே இடப்பக்கம் கீழே தெரிவது லோட் ஆறு, செலே அல்ல. பிறகு பெதுயேர் பக்கத்தில் 65-உம் 651-உம் பிரிகின்றன. இந்த இடத்தில் கவனம். இரண்டுமே ஜி.ஆர். என்பதால் இரண்டுக்கும் அதே வெள்ளை-சிவப்புதான். நிறம் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது, பலகையில் எண்ணைப் படிக்க வேண்டும். நான் முதல்முறை போனபோது முன்னால் போன கூட்டத்தின் பின்னாலேயே பேசிக்கொண்டு போய், கோடுகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே, முக்கால் மணி நேரம் தவறான பாதையில் நடந்தேன். ஓர் ஆட்டுப்பட்டி வேலியில் சாய்ந்து வரைபடத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையத்தோடு, மூக்குக்கண்ணாடி போட்டது போல இருக்கும் ஆடுகள் இந்த வட்டாரத்து இனம். அவை எல்லாம் தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்புறம் கோர்ன் வழியாக எஸ்பான்யாக். 24 கிலோமீட்டர் அதிகம் என்றால் கோர்ன் பக்கத்தில் தங்கி ஐந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. எஸ்பான்யாக்கில் பழைய கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயருக்குச் 'சொர்க்கப் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். மணிக்கூண்டின் தலைப்பகுதியைக் கல்லில் கட்டாமல் மரச்சட்டமும் செங்கல்லுமாகக் கட்டியிருப்பார்கள், கோபுரத்தின் மேல் யாரோ ஒரு கிராமத்து வீட்டைத் தூக்கி வைத்தது போல. மடத்துக் கட்டடத்திலேயே ஊராட்சியின் ஜீத் உண்டு. வழியில் இத்தனை ஊர்ப்பெயர் 'ஆக்' என்று முடிகிறதே என்று தோன்றியிருக்கும். ரோமர் காலத்துப் பண்ணைகளின் எச்சம் அது, நம்மூர்ப் பெயர்களில் 'குடி', 'மங்கலம்' ஒட்டிக்கொண்டிருப்பது போல.

நாள் 2: எஸ்பான்யாக் முதல் மார்சியாக் வரை, சுமார் 16 கிலோமீட்டர்

தூரம் குறைவு என்று தாமதமாகக் கிளம்பாதீர்கள். ப்ரேங்க், சேன்-சுல்பீஸ் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் இறங்கி இறங்கி ஏற வேண்டும். தண்ணீர்க் கேள்வியின் அர்த்தம் இன்றுதான் புரியும். மேலே குட்டையான ஓக் மரங்கள், ஜூனிபர் புதர், பாசி பிடித்த கல்சுவர்கள். சாந்து எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் காட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. நிலத்தைக் கொத்தினால் கல், அந்தக் கல்லை எங்கே கொட்டுவது? சுவராகக் கட்டினார்கள். மிச்சத்தில் குவிந்த கூரை வைத்த மேய்ப்பர் குடில்கள் கட்டினார்கள். மழை வந்தால் ஒதுங்க இன்றும் உதவும். ஒரு கல்லையும் உருவிப் பார்க்காதீர்கள்.

பாதையில் படல் வந்தால் திறந்து, உள்ளே போய், மறுபடி சாத்துங்கள். மந்தைக்குக் காவல்நாய் இருந்தால் ஓட வேண்டாம், மந்தையைச் சுற்றி விலகி மெதுவாக நடங்கள்.

ப்ரேங்க்குக்கு மேலே பாறை முகத்தில் ஒரு சுவர் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். குகை வாயை அடைத்துக் கட்டிய கோட்டை. இந்தப் பள்ளத்தாக்கில் இப்படிப் பல உண்டு, எல்லாவற்றையும் 'ஆங்கிலேயர் கோட்டை' என்பார்கள். இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிய நூற்றாண்டுப் போரின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் இவற்றில் பல, ஊர்க்காரர்களும் உள்ளூர்ப் பிரபுக்களும் பதுங்குவதற்குக் கட்டியவை. சேன்-சுல்பீஸில் வீடுகளே பாறைக்குள் முதுகைச் செருகிக்கொண்டு நிற்கின்றன.

மார்சியாக்கில் பெனடிக்டைன் துறவிகளின் மடம், பாதி இடிபாடு. கூரையில்லாத தூண்களுக்கு நடுவே நின்று மேலே பார்த்தால் வானம். ஒரு காலத்தில் ரொக்கமதூர் என்ற குன்றுக் கோயில் இந்த மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. மதிப்புத் தெரியாமல் கவனிக்காமல் விட்டார்கள், துல் ஊரின் துறவிகள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு அங்கே யாத்திரிகர் கூட்டம் குவிய, இவர்கள் வழக்காடியும் பயனில்லை. இன்று ரொக்கமதூருக்குப் பேருந்து பேருந்தாக ஆட்கள் போகிறார்கள். மார்சியாக்கில் மாலை ஆறு மணிக்கு நீங்களும் நானும் ஒரு பூனையும்தான். இந்தப் பரிமாற்றத்தில் யாருக்கு லாபம் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஜீத்தில் சூப் வந்தால், பக்கத்தில் இருக்கும் பெரியவரைக் கவனியுங்கள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மீதி வைத்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே குடிப்பார். 'ஷப்ரோ' என்று பெயர். கரண்டிக்கு வேலையில்லை.

நாள் 3: மார்சியாக் முதல் கப்ரேரே வரை, சுமார் 17 கிலோமீட்டர்

நான்கு நாளில் கடினமானது இது. மார்சியாக்கிலிருந்து ஏற்றம், சோலியாக்குக்கு இறக்கம், மறுபடி ஏற்றம். ஏழு, ஏழரைக்கே கிளம்புங்கள். சமதரையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போகிறவர் இங்கே மூன்று போனால் பெரிது. செங்குத்தான இறக்கத்தில் காலை நேராக ஊன்றாமல், முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக, கோலை முன்னால் ஊன்றிய பிறகே எடையை மாற்றுங்கள். பாதையோரம் பாக்ஸ் புதர்கள் பல இடங்களில் எலும்புக்கூடாக நிற்கும். கிழக்காசியாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் தின்று தீர்த்தவை. பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று கை நீட்டாதீர்கள், காய்ந்த கிளை ஒடிந்து கையோடு வந்துவிடும்.

இப்போது, மூன்று நாளாகக் காணாமல் போன தண்ணீர் எங்கே என்று கேட்டிருப்பீர்கள். கப்ரேரேக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் பெஸ்கலேரி ஊற்று இருக்கிறது. நடைபாதையை விட்டுக் கொஞ்சம் விலக நேர்ந்தாலும் போய்ப் பாருங்கள். பாறையின் அடியிலிருந்து ஓர் ஓடையே முழுசாக வெளியே வருகிறது, பக்கத்தில் கொடி படர்ந்த பழைய ஆலைக் கட்டடம். பீடபூமியில் பெய்து, வெடிப்பில் இறங்கி, இருட்டில் நடந்த மழை இங்கேதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. கையை விட்டுப் பாருங்கள், ஆகஸ்டிலும் சிலீரென்று இருக்கும். குடிக்க வேண்டாம். சுண்ணாம்புக்கல் தண்ணீரை வடிகட்டுவதில்லை. மேலே ஆட்டுப்பட்டியில் கலந்தது கீழே அப்படியே வரும்.

நாள் 4: கப்ரேரே, பேஷ் மேர்ல் குகை, புசியேஸ், சேன்-சீர்-லபோபி, சுமார் 12 கிலோமீட்டர்

தூரத்தை வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன், குகைக்காக. ஊருக்கு மேலே அரை மணி நேர ஏற்றத்தில் பேஷ் மேர்ல். 1922-ல் பதின்வயதுப் பிள்ளைகள் சிலர் தவழ்ந்து நுழைந்து கண்டுபிடித்தார்கள். 1926-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அசல் ஓவியங்களை நேரில் பார்க்க முடிகிற குகைகள் பிரான்ஸிலேயே சிலதான். புகழ்பெற்ற லாஸ்கோ குகைக்குப் போனால்கூட நகலைத்தான் காட்டுகிறார்கள். மூச்சுக்காற்றால் ஓவியம் கெடாமலிருக்க ஒரு நாளைக்கு 700 பேர்தான். ஆகவே நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும். வழிகாட்டியோடுதான் போக வேண்டும், ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும், படம் எடுக்க அனுமதியில்லை. உள்ளே 12 டிகிரிதான். வியர்வையோடு ஏறி வந்தவர்கள் மேல்சட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இரண்டு குதிரைகள் முதுகும் முதுகுமாக நிற்கின்றன, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. சுமார் 29,000 வருடம் பழையவை. வலப்பக்கக் குதிரையின் தலை வரும் இடத்தில் பாறையே இயற்கையாகக் குதிரைத் தலை வடிவில் நீண்டிருக்கிறது. பாறையைப் பார்த்த பிறகுதான் குதிரை தோன்றியிருக்க வேண்டும். சுற்றிலும் கைத்தடங்கள், கையைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் சாயம் ஊதியவை. மிஷேல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர் சாயத்தை வாயில் மென்று துப்பித் துப்பியே இந்தச் சுவரை வேறொரு குகையில் நகலெடுத்துப் பார்த்தார். அவருக்கு 32 மணி நேரம் பிடித்தது. புள்ளிக் குதிரை வெறும் கற்பனை என்று நெடுநாள் நினைத்தார்கள். 2011-ல் வெளிவந்த பழங்கால மரபணு ஆய்வு, அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குதிரைகள் உண்மையிலேயே இருந்தன என்று காட்டியது.

குதிரைகளை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் இன்னொன்றையும் பாருங்கள். குகையின் கூரையைத் துளைத்துக்கொண்டு ஓர் ஓக் மரத்தின் வேர் இறங்கி, வெட்டவெளியில் கயிறு போலத் தொங்கித் தரைக்குள் போகிறது. மேலே நீங்கள் மூன்று நாளாக நடந்துவந்த அதே குட்டை ஓக். தண்ணீர் தேடி இத்தனை மீட்டர் வந்திருக்கிறது.

வெளியே வந்து புசியேஸுக்கு இறங்குங்கள். செலே லோட்டில் கலந்து முடிந்துவிடும். இங்கிருந்து சேன்-சீர்வரை, ஜி.ஆர். 36-ல், லோட் ஆற்றின் ஓரமாக நடக்கலாம். நான்கு நாளில் முதல்முறையாகத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே பாதை. பாறை நேராக ஆற்றில் இறங்கும் இடத்தில், சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துப்போக, 1843-க்கும் 1847-க்கும் இடையில் பாறையின் அடிவயிற்றைக் குடைந்து பாதை போட்டார்கள். மேலே பாறை கூரையாகக் கவிந்திருக்கும், இடப்பக்கம் ஆறு. உயரமானவர்கள் தலையைக் கவனித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஓரிடத்தில் தானியேல் மோன்யே என்ற சிற்பி செதுக்கிய மீன்களும் சிப்பிகளும் ஓடுகின்றன, தடவிப் பார்க்கலாம். கல் விழும் அபாயத்தால் இந்தப் பாதையை மூடியிருப்பதாக அறிவிப்பு இருந்தால் தாண்டிப் போகாதீர்கள், மாற்றுவழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி ஏற்றத்தில் சேன்-சீர்-லபோபி. ஆற்றுக்கு மேல் நூறு மீட்டர் உயரத்தில் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் கிராமம். கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1950-ல் பார்த்து மயங்கி, மறுவருடம் வீடே வாங்கிவிட்டார். பிற்பகலில் கூட்டம் நெரியும், ஐஸ்கிரீம் வரிசை உங்கள் நான்கு நாள் அமைதியைக் கலைக்கும். அங்கேயே இரவு தங்கிவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் கார்கள் இறங்கிப் போன பிறகு சந்துகள் உங்களுக்கே.

திரும்பிப் போவது

காலில் இன்னும் தெம்பு இருந்தால் காவோர் நகர்வரை நடக்கலாம். முப்பது கிலோமீட்டரை ஒட்டி வரும், இரண்டு நாளாகப் பிரிப்பது நல்லது. முடிவில் பதினான்காம் நூற்றாண்டின் வலாந்த்ரே பாலம், மூன்று கோபுரங்களோடு. நடக்க மனமில்லையென்றால் கிராமத்திலிருந்து இறங்கி, பாலத்தைத் தாண்டி, தூர்-த-ஃபோர் ஊருக்குப் போங்கள். காவோர்–ஃபிஜாக் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது. காவோரில் பாரிஸுக்கும் துலூஸுக்கும் ரயில் உண்டு. ஒரு நாளைக்குச் சில பேருந்துகள்தான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. நேரத்தை முந்தைய இரவே சுற்றுலா அலுவலகப் பலகையிலோ இணையத்திலோ பார்த்துவிடுங்கள். பத்து நிமிடம் முன்னதாகவே நிறுத்தத்துக்கு வந்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு, பேருந்து வளைவில் தெரிந்ததும் கையை நன்றாக நீட்டுங்கள். சும்மா நின்றுகொண்டிருந்தால் ஓட்டுநர் அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.